பச்சை மழைக்கு ஒரு கேமரா

அச்சங்குளம்
3-6-2025

ஸ்ரீமதி அக்காவுக்கு,

டப்பாவைத் திறந்ததும் மெமரி கார்டுக்கு மேல் ஒரு தாள் இருக்கிறதே என்று முழிக்க வேண்டாம். நான்தான் எழுதி வைத்தேன். மூன்று வருடமாக இந்தச் சோற்று டப்பாவில் நான் எடுத்த படம் மட்டும்தான் எடிட்டிங்குக்காக பஸ் ஏறி உங்களிடம் விருதுநகருக்கு வந்திருக்கிறது. இன்றைக்கு என் கோபமும் சேர்ந்து வருகிறது. கண்டக்டர் சின்னச்சாமி அண்ணன் அதற்குத் தனி டிக்கெட் கேட்கவில்லை.

போனை எடுக்க மாட்டேன். நீங்கள் பதினோரு தடவை அடித்ததைப் பார்த்தேன். எடுத்தால் ஒன்று அழுவேன், இல்லையென்றால் வாய்க்கு வந்ததைப் பேசுவேன். இரண்டுமே எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை நடந்ததை என் கணக்கில் ஒரு தடவை சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். அய்யாதுரை முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் இந்த சீசனுக்கு நாற்பத்தெட்டு அயிட்டம். ஒவ்வொன்றையும் வெடித்துக் காட்டி நாம் வீடியோ எடுத்துத் தர வேண்டும். வெளியூர் வியாபாரிகள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். ஒரு அயிட்டத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. முதல் அயிட்டமே ‘பச்சை மழை’. பன்னிரண்டு குண்டு மேலே போய் வெடித்துப் பச்சையாகக் கொட்ட வேண்டும். கேமராவோடு இணைத்திருந்த டிவியில் வெள்ளையாகக் கொட்டியது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார்.

“போன வருச வீடியோவுல வாழையிலை மாதிரி பச்சையா இருந்துச்சு. இப்ப வெளுத்துப்போய்க் கெடக்கு. ஒங்க கேமரா செத்துப்போச்சும்மா. புதுசு வாங்குறீகளா, இல்ல மதுரைக்காரனுக்கு ஆர்டரைக் குடுக்கட்டுமா?”

அதற்கு நீங்கள் சொன்னது: “கேமரா நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எடுத்த கைதான் கொஞ்சம் சரியில்ல. மறுபடி எடுத்துத் தாரோம்.”

எட்டு ஆட்களுக்கு முன்னால் சொன்னீர்கள் அக்கா. அதில் இரண்டு பேர் எங்கள் தெரு.

சரி, அதை விடுங்கள். எனக்கு வேறொன்று மண்டையைக் குடைகிறது. அன்றைக்கு அளவு பார்க்கக் கொளுத்திய மற்ற வெடிகளில் சிவப்பு நன்றாக வந்திருக்கிறது. தங்க நிறம் நன்றாக வந்திருக்கிறது. நீலம்கூடப் பரவாயில்லை. பச்சை மட்டும் ஏன் வெளுத்தது? எதையும் கேமராவின் இஷ்டத்துக்கு விடவில்லை, எல்லாம் நானே கையால் வைத்த அளவு. என் கை தவறியிருந்தால் எல்லா நிறமும்தானே கெட்டிருக்கும்? கேமரா செத்திருந்தால் பச்சைக்கு மட்டுமா சாகும்? கார்டைப் போட்டுப் பாருங்கள். காரணம் தெரிகிற வரைக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பாண்டிச்செல்வி


விருதுநகர்
5-6-2025

செல்வி,

உன் கடிதத்தைப் படித்தேன். போனை எடுத்திருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது நானும் தாளைத் தேடி உட்கார வேண்டியதாகிவிட்டது. அப்பா மண்டியில் வற்றல் மூட்டைக்குச் சீட்டு எழுதும் நோட்டிலிருந்து கிழித்திருக்கிறேன், மிளகாய் நெடி அடித்தால் பொறுத்துக்கொள்.

அன்றைக்கு நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கேமரா சரியில்லை என்று நாமே ஒப்புக்கொண்டால் ஆர்டர் அந்த நிமிடமே மதுரைக்குப் போய்விடும். கை சரியில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். வியாபாரப் பேச்சு அது. நீ அதை மனதுக்குள் போட்டுக்கொள்வாய் என்று யோசிக்கவில்லை.

ஆனால் அவர் விடவில்லை. புதுக் கேமராவோடு வந்தால்தான் மீதி நாற்பத்தேழும் நமக்கு என்று நேற்றும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார். இருபதாம் தேதி வரை கெடு. அதனால் உட்கார்ந்து பட்ஜெட் போட்டேன். மதுரைக் கடையில் கேட்டதில் கேமரா மட்டும் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். நம்முடைய பழைய லென்ஸ் அதில் மாட்டாதாம், ஒரு லென்ஸ் அறுபத்திரண்டாயிரம். கார்டு, பேட்டரி எல்லாம் இருபத்தையாயிரம். ஆக மூன்று லட்சத்து இரண்டாயிரம். நம் கையில் இருப்பது இரண்டு லட்சத்து அறுபதாயிரம், அதில் உன் பங்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். மீதி நாற்பத்திரண்டாயிரத்துக்கு மாதத் தவணை போட வேண்டும். பதினான்காம் தேதிக்குள் இருபத்தையாயிரம் அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலை. கட்டினால் திரும்பி வராது.

நாற்பத்தெட்டு அயிட்டம் என்றால் ஒரு லட்சத்து இருபதாயிரம். அது இல்லாமல் இந்த வருடம் ஓடாது. கல்யாண ஆர்டர்களை மட்டும் நம்பி நீயும் நானும் சாப்பிட முடியாது. எனக்காவது அப்பாவின் மண்டி இருக்கிறது. உன்னை மறுபடியும் அந்த கம்பெனி வேனில் ஏற்ற எனக்கு மனமில்லை. அதனால்தான் இவ்வளவு பாடு.

பச்சை ஏன் வெளுத்தது என்று ஆராய்ச்சி செய்ய இது நேரமில்லை. வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

ஸ்ரீமதி


அச்சங்குளம்
8-6-2025

ஸ்ரீமதி அக்காவுக்கு,

கம்பெனி வேனை நீங்கள் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். நான் நாலு வருடம் அதில் போய் லேபிள் ஒட்டியிருக்கிறேன். காலை ஆறரைக்கு ஏறினால் ஒரு சீட்டில் மூன்று பேர். பசை காய்ந்து விரல் நுனி தடித்துப்போய், போனைத் தொட்டால் போனுக்கே என் விரல் என்று தெரியாது. அங்கே திரும்பிப் போக எனக்குத்தான் உங்களைவிடப் பயம். அதனால்தான் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தர மாட்டேன் என்கிறேன்.

இந்த வாரம் பைத்தியம் பிடித்த மாதிரி பச்சையாக இருப்பதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். ரயில்வே கேட் சிக்னல், அம்மன் பொங்கல் திருவிழா சாட்டிய கோயிலின் சீரியல் விளக்கு, எதிர்வீட்டுக்காரர் கிளி, மருந்துக்கடை பலகை. எல்லாம் அசல் பச்சையாக விழுந்திருக்கிறது. கிளி இரண்டு தடவை கடித்தது.

அடுத்து, கல்யாண வீடியோ எடுக்கிறாரே சாத்தூர் சங்கையா, அவரிடம் போனேன். மதுரைக் கடையில் நீங்கள் விலை கேட்ட அதே கேமரா அவரிடம் இருக்கிறது. ஒரு சாயங்காலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு வாடகை. என் சொந்தக் காசு, கணக்கில் ஏற்ற வேண்டாம். கம்பெனி ஃபோர்மேன் ஆண்டிச்சாமி மாமாவிடம் கெஞ்சி, வெடித்துப் பார்க்கிற பொட்டலில் இரண்டு பச்சை மழை கொளுத்தச் சொன்னேன். இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தேன்.

இரண்டிலும் வெள்ளைதான் அக்கா. இரண்டு லட்ச ரூபாய்க் கேமராவிலும் அதே வெளுப்பு. கார்டு இரண்டையும் டப்பாவில் வைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

கேமராவும் இல்லை, கையும் இல்லை என்றால் மிச்சம் என்ன? வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு சந்தேகம் வந்தது, நடு ரோட்டில் நின்றுவிட்டேன். அந்தப் பொட்டலில் நாம் எப்படி நிற்போம் என்று யோசித்துப் பாருங்கள். வெடி ஒரு கோடியில், கேமரா நடுவில், பாதுகாப்புக்காக எல்லோரும் தள்ளி தகரக் கொட்டகைக்குள். கேமராவிலிருந்து வயர் இழுத்து டிவியில் மாட்டியிருக்கும். முதலாளி வானத்துக்கு முதுகு காட்டி டிவி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவார். மற்றவர்களும் அப்படியே. நான் கேமராவின் சின்னத் திரையில் குனிந்திருப்பேன். சங்கையா கேமராவோடு போன அன்றும் நான் இரண்டு திரையைத்தான் மாறி மாறிப் பார்த்தேன்.

நீங்கள் அன்றைக்கு வானத்தைப் பார்த்தீர்களா?

பாண்டிச்செல்வி


விருதுநகர்
10-6-2025

செல்வி,

பார்க்கவில்லை. நான் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கார்டையும் போட்டுப் பார்த்தேன். நீ சொன்னது உண்மை. அட்வான்ஸ் கட்டவில்லை, கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நேற்றிலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். அப்பா, “சீட்டு நோட்டு என்ன ஒனக்கு வெளையாட்டா இருக்கா?” என்று சத்தம் போட்டார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் நீ அனுப்பிய பச்சை மழையும் இப்படித்தான் வெளுத்திருந்தது. அதைப் பச்சை ஆக்கியது நான். எடிட்டிங்கில் உட்கார்ந்து அந்தத் தீப்பொறிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பச்சையைக் கூட்டினேன். நாலைந்து நிமிட வேலை. உன்னிடம் சொல்லவில்லை. வெடி எடுப்பதற்கு நீ புதிது, ஏதோ அளவு தவறிவிட்டது, சொன்னால் மனம் வாடிப்போவாய் என்று நினைத்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வீடியோதான் போன வருடம் எல்லா வியாபாரிகளுக்கும் போனது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், “வீடியோல பச்சை, வெடிச்சா வெள்ளை” என்று முதலாளியிடம் சண்டை போட்டாராம். விலையைக் குறைக்க நாடகம் ஆடுகிறான் என்று முதலாளி சிரித்ததை நானே கேட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. சனிக்கிழமை டிவியில் மறுபடி வெள்ளையாக வந்ததும், இவள் கை இன்னும் திருந்தவில்லையே என்றுதான் நினைத்தேன். அது வாயில் வந்துவிட்டது. வியாபாரப் பேச்சு என்று போன கடிதத்தில் எழுதியது பாதிதான் உண்மை.

ஒரு வருடமாக உன் வேலையைத் தப்பு என்று நம்பியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

ஸ்ரீமதி


அச்சங்குளம்
13-6-2025

ஸ்ரீமதி அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மடித்தே வைத்திருந்தேன்.

போன வருட வீடியோ யூடியூபில் வந்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்க் காட்டினேன். “இந்தப் பச்சையைப் பாருங்க, நான் எடுத்தது” என்று. கூட லேபிள் ஒட்டிய பிள்ளைகளுக்கெல்லாம் அனுப்பினேன். கேமராத் திரையில் வெளிறித் தெரிந்ததே என்று அப்போது தோன்றியது, பழைய திரை அப்படித்தான் காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பெருமை கொடுத்த ஒரே பச்சை உங்கள் கம்ப்யூட்டரில் பிறந்தது. திட்டியிருந்தால்கூட மறுபடி எடுத்துப் பழகியிருப்பேன். மறுபடி எடுத்திருந்தால் போன வருடமே உண்மை தெரிந்திருக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் கேமரா இல்லாமல் பொட்டலுக்குப் போனேன். ஆண்டிச்சாமி மாமா, “கேமரா எங்க?” என்றார். இன்றைக்குச் சும்மா பார்க்கப்போகிறேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொளுத்தினார். ஏழு மணி, வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை. தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். தேடிப் பார்த்தாலும் பச்சை இல்லை. அழகாக இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பச்சை இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அதே கம்பெனியில்தான் பத்தொன்பது வருடமாகக் குழாயில் மருந்து அடைக்கிறது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது:

“அது எங்கன பச்சை? பச்சை குடுக்குற பேரியத்தப் போடக் கூடாதுன்னு கோர்ட்டுல சொன்னதுலருந்து வேற மருந்துல்ல வருது. அது மோருத்தண்ணி கணக்காத்தான் எரியும். அடைக்கிற எங்களுக்குத் தெரியாதா?”

“ஏம்மா இம்புட்டு நாளாச் சொல்லல?”

“எவன் கேட்டான்?”

மூன்று லட்சத்துக்குப் பட்ஜெட் போட்டோம், கிளியிடம் கடி வாங்கினேன், பதில் எங்கள் அடுப்படியில் இருந்திருக்கிறது. நானும்தான் கேட்கவில்லை.

முதலாளியை நினைத்தால் ஒரு பக்கம் பாவமாக இருக்கிறது. புது மருந்து பச்சையாக எரிகிறது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி நம் வீடியோ. அதை நம்பித்தான் இந்த வருடமும் சரக்குப் போட்டிருக்கிறார்.

அவரிடம் சொல்ல வேண்டும். நிறத்தை மாற்றியது நீங்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும். அம்மா பெயர் மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது. ஆர்டர் போனால் எனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பாண்டிச்செல்வி


விருதுநகர்
16-6-2025

செல்வி,

இன்று காலை சிவகாசி ஆபீஸில் அவரைப் பார்த்தேன். போகும் வழியில் ஆமத்தூர் வரும்வரை திரும்பிவிடலாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்லிவிட்டேன். செல்வி எடுத்தது சரி, போன வருடம் நிறத்தை மாற்றியது நான், உங்கள் சரக்கே வெள்ளையாகத்தான் எரிகிறது என்று மூன்றையும் சொன்னேன். உன் அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் மேஜையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு ரொம்பச் சாந்தமாகக் கேட்டார்.

“அப்பப் புதுக் கேமராவே தேவையில்லையே?”

“தேவையில்ல அண்ணாச்சி.”

“நல்லதாப்போச்சு. ஒங்களுக்கும் செலவு மிச்சம். போன வருசம் மாதிரியே பச்சையாக்கிக் குடுங்க, அம்புட்டுத்தான். லேபிள் நாப்பதாயிரம் அடிச்சு வந்தாச்சு. ஆர்டர் பூராவும் ஒங்களுக்குத்தான்.”

மூன்று லட்சம் செலவு இல்லை. ஒரு லட்சத்து இருபதாயிரம் வரவு. நாலு நிமிட வேலை. படி இறங்கும்போது என் மனம் சரி என்றுதான் சொன்னது, உன்னிடம் மறைக்கவில்லை. வந்து கம்ப்யூட்டரைத் திறந்து அந்தப் பொறிகளைப் பிரித்தும் எடுத்துவிட்டேன். பச்சையைக் கூட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

போன வருடம் உன்னைக் கேட்காமல் செய்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். மண்டி வீட்டுப் பெண் நான், ‘வேண்டாம்’ என்று வீறாப்பாகச் சொல்லிவிடலாம், நாளைக்கு எனக்குச் சோறு இருக்கிறது. நீ அப்படி இல்லை. நீ செய் என்றால் செய்கிறேன், வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். எதுவானாலும் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

ஸ்ரீமதி


அச்சங்குளம்
19-6-2025

ஸ்ரீமதி அக்காவுக்கு,

உங்களுக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் நானே முதலாளியைப் பார்க்கப் போனேன். கேட்காமல் போனதற்குக் கோபப்படாதீர்கள், ஒரு தடவை எனக்கும் அந்த உரிமை உண்டு.

நேற்று சாயங்காலம் அவர் வேறு ஏதோ அயிட்டம் பார்க்கப் பொட்டலுக்கு வந்திருந்தார். டிவி முன்னால் அதே நாற்காலி. நான் போய் டிவியை அணைத்தேன். ஆண்டிச்சாமி மாமாவுக்கு முகம் வெளிறிப்போனது.

“அண்ணாச்சி, ஒரே ஒரு பச்சை மழைய வெளிய வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் சரி” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரே வெளியே வந்தார். பன்னிரண்டு குண்டும் மேலே போய் வெடித்துக் கொட்டும்வரை அண்ணாந்தபடி இருந்தார். பாதியில் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். புகை கலைந்த பிறகும் கீழே பார்க்கவில்லை.

“வானத்துல இதப் பாத்து எம்புட்டு வருசமாச்சு” என்றார். பிறகு, “கோயம்புத்தூரான் பொய் சொல்லல” என்றார்.

அவரே எழுந்து வந்து சொன்னார். “லேபிள் அடிச்சாச்சும்மா. பேர மாத்த வழியில்ல. இதுக்கு வீடியோ வேண்டாம், பாக்காம வாங்குறவன் வாங்கட்டும். மத்ததுல பாதிய ஒங்கள நம்பாம முந்தாநேத்தே மதுரைக்காரனுக்குக் குடுத்துட்டேன். இருபத்துமூணு இருக்கு, அத நீங்க எடுங்க. அடுத்த வருசத்தப் பத்தி இப்ப என்கிட்டக் கேக்காத.”

இருபத்துமூன்றுக்கு ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு. அதே திங்கட்கிழமை காலையில் ‘ஆர்டர் பூராவும் உங்களுக்கு’ என்று உங்களிடம் சொன்னவர்தான். பரவாயில்லை. தீபாவளி வரைக்கும் நான் வேன் ஏற வேண்டியதில்லை. அதற்குப் பிறகு தெரியாது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “தெரியாதத இப்பயே எதுக்குத் தூக்கிச் சொமக்க?” என்று இட்லியை எடுத்து வைத்தது.

ஆகவே வேண்டாம் அக்கா, பிரித்து வைத்திருப்பதை அழித்துவிடுங்கள். பச்சையாக்க எனக்கும் ஆசைதான், அதுதான் உண்மை. அந்தப் பச்சை எங்கள் தெருவில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? ஆனால் அதைப் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போய், பிள்ளைகளை மாடிக்குக் கூப்பிட்டுக் கொளுத்துகிறவன் என்னைத்தான் திட்டுவான். என் பெயர் அவனுக்குத் தெரியாது, இருந்தாலும் என்னைத்தான்.

இரண்டு லட்சத்து அறுபதாயிரமும் வங்கியிலேயே கிடக்கட்டும். கேமரா இன்னும் இரண்டு வருடம் உழைக்கும். பட்ஜெட்டில் ஒரே ஒரு செலவு மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: அச்சங்குளத்திலிருந்து விருதுநகருக்கு பஸ் டிக்கெட், வாரம் மூன்று நாள், ஒரு ஆளுக்கு.

முதல் ஆறு அயிட்டத்தை இன்று எடுத்து முடித்துவிட்டேன். அந்தக் கார்டைத் தேடாதீர்கள், டப்பாவில் இந்தத் தாள் மட்டும்தான் இருக்கிறது. திங்கட்கிழமை காலை நானே கொண்டுவருகிறேன். உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். இனி என் படத்தில் ஒரு புள்ளியின் நிறத்தை மாற்றினாலும், அது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மாற வேண்டும்.

பாண்டிச்செல்வி